இஞ்சின் ஓடும்போது உருவ வேண்டிய கம்பி

போன வாரம், நான் வேலை பார்த்த ஷெட்டிலிருந்து ஒரு போன்.

"அண்ணே, ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்னு வந்திருக்குது. கியர் ஆயில் பாக்கலாம்னா கம்பியே இல்லண்ணே. எவனாவது உருவினு போய்ட்டானா, கம்பெனிக்காரனே குடுக்கலையா?"

கம்பெனிக்காரனே கொடுக்கவில்லை. இப்போது வருகிற வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸுக்கு ஆயில் மட்டம் பார்க்கிற கம்பி, அதாவது டிப்ஸ்டிக், கிடையாது. வண்டியை மட்டமாகத் தூக்கி நிறுத்தி, ஆயிலின் சூட்டைக் கம்ப்யூட்டரில் பார்த்து, அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்ததும் எனக்கு ஒரு பெரிய நிம்மதி. கம்பி இருந்தால்தானே அதைத் தப்பாகப் பார்க்க முடியும்? என் காலத்தில் கம்பி இருந்தது. நான் தப்பாகப் பார்த்தேன்.

நம் மெக்கானிக் சங்கத்து மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொல்லி இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாம் சாதனை எழுதியிருப்பார்கள். எனக்கு அந்தச் சரக்கு கொஞ்சம் குறைவு. தப்பு என்றால் கைவசம் நிறைய இருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

பெயர் ஏழுமலை. வயது ஐம்பத்து நாலு. வயதாகி ஓய்வு பெற்றவன் இல்லை. முதுகெலும்பில் இரண்டு வட்டுகள் எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றுவிட்டன. அவை இல்லாமல் வண்டிக்கு அடியில் படுக்க முடியாது என்பதால் நானும் பெற்றுக்கொண்டேன். தொழில் கற்றது திண்டிவனத்தில், ஒரு லாரி ஷெட்டில், ஆறு வருடம். முதல் மூன்று வருடம் டீ வாங்கி வந்தேன், அடுத்த மூன்று வருடம் டீ வாங்கி வரச் சொன்னேன். இடையில் எப்படியோ தொழிலும் வந்துவிட்டது. பிறகு செஞ்சி. டிராக்டர், கடலை உடைக்கிற மெஷின், ஷேர் ஆட்டோ, கோட்டை பார்க்க வந்து வழியில் நின்றுபோகும் வெளியூர்க் கார்கள். எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு கிளட்ச் இருக்கும், கையால் போடும் கியர் இருக்கும், என் இடது காலுக்கும் வேலை இருக்கும். உலகம் அப்படியே போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் எங்கள் ஷெட்டுக்கு ஆரோக்கியதாஸ் வந்தார். மஸ்கட்டில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். முதலாளி அவரைத் தலைமை மெக்கானிக்காகப் போட்டார். சிக்கல் என்னவென்றால், அவர் என்னைவிட ஆறு வயது சின்னவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரியாதை இல்லை, சார் என்றால் வாய் வரவில்லை. முதல் ஒரு மாதம் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் இருமி இருமியே வேலை பார்த்தேன். "அண்ணே, உங்களுக்கு இருமல் ரொம்ப நாளா இருக்குது, ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமே" என்று அவர் கேட்ட அன்றைக்குத்தான் 'மேஸ்திரி' என்று வாய் திறந்தேன். இருமல் போய்விட்டது.

மேஸ்திரி திட்ட மாட்டார். குரல் உயர்த்த மாட்டார். என்னை எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஆனால் "அண்ணே, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தால் எனக்குக் காது மடல் வியர்க்கும். அவருடைய சந்தேகம் ஒவ்வொன்றும் நான் செய்த ஒரு தப்பின் முகவரி.

முதல் சந்தேகத்தை நான் சம்பாதித்தது ஒரு சென்னைக்காரரின் காரில். கோட்டை பார்க்க வந்தவர், ரேடியேட்டர் ஒழுகியது என்று விட்டிருந்தார். ஒழுகலை அடைத்ததும், "அண்ணே, ட்ரையல் பாக்கலாம், நீங்க ஓட்டுங்க" என்றார் மேஸ்திரி. ஆட்டோமேட்டிக் வண்டியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. திருவண்ணாமலை ரோட்டில் நன்றாகத்தான் போனேன். பஸ் ஸ்டாண்டு அருகே வேகம் குறைக்கும்போது, இருபது வருடப் பழக்கத்தில் என் இடது கால் கிளட்சைத் தேடிப் போனது. கிளட்ச் இல்லை. அந்த இடத்துக்குப் பக்கத்தில், பலகை மாதிரி அகலமாக, பிரேக் இருந்தது. கிளட்சை மிதிக்கிற வேகத்தில் அதை மிதித்தேன். வண்டி நட்டநடு ரோட்டில் ஆணி அடித்த மாதிரி நின்றது. மேஸ்திரியின் மூக்குக் கண்ணாடி டேஷ்போர்டு மேல் இருந்தது. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் என் பரம்பரையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அண்ணே, ஒரு சந்தேகம். முன்னாடி மாடு எதுனா வந்துச்சா?"

"இல்ல மேஸ்திரி."

"அப்ப நாம எதுக்கு நின்னோம்?"

எனக்குப் பயம் வந்தால் முதலில் வாய் திறக்கும், அடுத்து வியர்க்கும், மூளை கடைசியாகத்தான் வந்து சேரும். "பிரேக் டெஸ்ட் பண்ணேன் மேஸ்திரி, சூப்பரா பிடிக்குது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அந்த எடது கால மடிச்சு சீட்டு மேல வெச்சுக்குங்கண்ணே. இந்த வண்டிக்கு அந்தக் கால் வேணாம்" என்றார்.

ஷெட் போய்ச் சேரும்வரை ஒரு காலை மடித்துச் சாமியார் மாதிரி உட்கார்ந்து ஓட்டினேன். இந்த வண்டிக்கு அந்தக் கால் வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. கலைவாணி டீச்சருக்குத் தெரிந்திருந்தது.

கலைவாணி டீச்சர், மேல்மலையனூர் போகிற வழியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. இரும்புப் பட்டை மாட்டி நடப்பார். பத்து வருடமாக அவருடைய அண்ணன் பழனி தினமும் காலையில் பைக்கில் கொண்டுபோய் விட்டு, சாயந்திரம் கூட்டி வந்துகொண்டிருந்தார். பழனி கடலை வியாபாரி. நல்ல மனுஷன், தங்கச்சிக்காக வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார். ஆனால் அவர் வரும் நேரம்தான் டீச்சருக்கு வீடு, அவர் கிளம்பும் நேரம்தான் டீச்சருக்குப் பள்ளி. ஒரு நாள் டீச்சர் யாரையும் கேட்காமல், தன் சம்பாத்தியத்தில், பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கிவிட்டார். வலது கால் மட்டும் போதுமே.

பழனிக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஷெட்டுக்கே வந்து புலம்பினார். "நம்மூர்ல எவனுக்கு இது தெரியும்? வழியில நின்னுபூட்டா இன்னா பண்ணுவா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ ரோட்டுல நிக்கட்டும். அன்னிக்கே வித்துட்டு மறுவேல பாக்கறேன்."

டீச்சரும் அதற்கு ஒத்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாயை மூட வேறு வழி இல்லை. "சரி, நின்னா விக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்வது மேஸ்திரியின் வேலை. மாதம் ஒரு தடவை டீச்சர் கொண்டுவருவார். மேஸ்திரி இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு போய், கியர்பாக்ஸ் கம்பியை உருவி, ஒரு சொட்டை அதில் வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்து பார்ப்பார். அவர் மனைவி அந்தக் கைக்குட்டைகளைப் பற்றி என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது.

இதையெல்லாம் நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருந்தேன், ஏதாவது ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்தபடி. பக்கத்தில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில், மேஸ்திரி கம்பியை உருவும்போது காரின் இஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது என்பது என் காதில் விழவே இல்லை. மொத்த வினையும் அதுதான்.

ஒரு நாள் டீச்சர் வண்டியை விட வந்தபோது மேஸ்திரி உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். "நான் பாக்கறேன் டீச்சர், ஒன்னும் கவலப்படாதீங்க" என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொல்லும்போதெல்லாம் யாராவது கவலைப்பட ஆரம்பிப்பது நல்லது.

இஞ்சின் ஆயிலை எப்படிப் பார்ப்போம்? வண்டியை அணைத்து, பத்து நிமிஷம் விட்டு, ஆயில் எல்லாம் கீழே இறங்கிய பிறகு கம்பியை உருவுவோம். என் வாழ்நாளில் பல்லாயிரம் தடவை செய்தது. இதையும் அப்படியே செய்தேன். அணைத்தேன், டீ குடித்தேன், உருவினேன். நன்னாரி சர்பத் மாதிரி சிவப்பாக ஆயில், கம்பியில் போட்டிருக்கும் மேல் கோட்டையும் தாண்டி இரண்டு விரல் உயரத்துக்கு நின்றது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எல்லாம் தலைகீழ். இஞ்சின் ஓடும்போது உள்ளே இருக்கும் பம்ப் ஆயிலை இழுத்து மேலே எல்லா இடத்துக்கும் அனுப்பி வைத்திருக்கும். அணைத்துவிட்டால் அதில் ஒரு பங்கு அடிச்சட்டிக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். வேலைக்குப் போனவர்கள் எல்லாம் வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமையில் தலையை எண்ணிவிட்டு, இந்த வீட்டில் எப்போதும் இவ்வளவு கூட்டம் என்று சொல்கிற மாதிரி. இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கோடு. கோட்டுக்கு மேல் இருந்தால் அதிகம். மெல்லிய ஹோஸைக் கம்பி இருந்த குழாய்க்குள் விட்டு, பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி உறிஞ்சி, முக்கால் லிட்டரை வெளியே எடுத்தேன்.

சாயந்திரம் டீச்சர் வந்தார். "ஏழுமலண்ணே, மேஸ்திரி பாக்கறப்பல்லாம் சரியா இருக்குன்னுதானே சொல்வாரு?"

"அது அப்ப டீச்சர். இப்ப ஏறியிருக்குது. பிரஷர் மாதிரிதான், அதிகமானா ஆபத்து. எறக்கி உட்டுட்டேன்."

"நல்லவேள" என்றார் டீச்சர், முழு நம்பிக்கையோடு. அந்த 'நல்லவேள' இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

மூன்றாம் நாள் அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு ஊர் உலகமே கிளம்பியிருந்தது. ஸ்பெஷல் பஸ், வேன், டிராக்டர் டிப்பரில் குடும்பம் குடும்பமாக. சாயந்திரம் நாலரை மணிக்கு ஷெட் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"மேஸ்திரி இருக்காரா? நான் கலைவாணி. வண்டி நின்னுடுச்சு. நின்னுடுச்சுன்னா இஞ்சின் ஓடுது. ஆக்சிலேட்டர் மிதிச்சா கத்துது, நகர மாட்டேங்குது. கூட்டத்துல ஒரு மணி நேரமா ஊந்துகிட்டே வந்தேன். நல்லாத்தான் வந்துச்சு. எங்க அண்ணனுக்கு யாரோ சொல்லிட்டாங்க. அண்ணன் வந்துகிட்டு இருக்கு."

என் வாய் தன் கடமையை ஆரம்பித்தது. "ஒன்னும் இல்ல டீச்சர், வெயிலு, வண்டிக்குச் சூடு, மோர் மாதிரி எதுனா..." என்று எதையோ சொன்னேன். மோர் என்று சொன்னேனா? சொன்னேன். கல்யாணத்திலிருந்து திரும்பியிருந்த மேஸ்திரி என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கினார். வண்டியைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்டார். வைத்தார். அலமாரியிலிருந்து சீல் உடைக்காத சிவப்பு ஆயில் டின் ஒன்றையும், நீண்ட மூக்குப் புனலையும் பையில் போட்டார். பைக்கை எடுத்தார். நான் பின்னால் ஏறினேன்.

இரண்டு கிலோமீட்டர் போனதும், தலையைத் திருப்பாமல், "அண்ணே, ஒரு சந்தேகம்" என்றார்.

நான் ஏற்கெனவே நனைந்திருந்தேன்.

"நீங்க கம்பிய உருவறப்ப இஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சா, நின்னுக்கிட்டு இருந்துச்சா?"

"நின்னுக்கிட்டுதான் மேஸ்திரி. ஓடறப்ப எவனாவது உருவுவானா?" என்றேன். சொல்லும்போதே அந்த 'எவனாவது' எனக்கு முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது.

"எவ்ளோ எடுத்தீங்க?"

"முக்கா லிட்டரு."

"ம்" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. அந்த 'ம்' என் முதுகில் உட்கார்ந்துகொண்டு கூடவே வந்தது.

ரோட்டோரம் கார் நின்றது. டீச்சர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். பழனி கார் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, விழுப்புரத்துக்காரரு அன்னிக்கிக் கேட்டாரே, அவருகிட்ட சொல்லுங்க. வர்ற வெலைக்குக் குடுத்துடலாம்." எங்களைப் பார்த்ததும் போனை வைத்தார். "பாத்தீங்களா மேஸ்திரி? சொன்னேனா இல்லையா? அமாவாச கூட்டத்துல, நடுரோட்டுல, ஒரு பொம்பளப்புள்ள!"

டீச்சர் ஜன்னல் வழியாக, "எனக்கு நாப்பத்தோரு வயசு" என்றார்.

மேஸ்திரி முதலில் கேட்டது மட்டமான இடம். வண்டி சரிந்து நின்றால் ஆயிலும் ஒரு பக்கம் சரிந்து நிற்கும், கம்பி பொய் சொல்லும். ரோடு அங்கே மேடும் பள்ளமும். நூறடி தள்ளி ஒரு சிமெண்டுக் களம் இருந்தது. களம் நிறைய கடலை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு அம்மா காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

"எம்மா, ஒரு கார் நிக்கற அளவுக்குக் கொஞ்சம் ஒதுக்கினா..." என்று நான் இழுத்தேன்.

"இன்னாபா? கல்ல காய வெக்கறதா, காரு காய வெக்கறதா?"

"பத்தே நிமிஷம்மா. மட்டமான எடம் வேணும்."

"மட்டந்தான், எங்க ஊட்டுக்காரரு கட்டுனது" என்றவர், காரில் இருந்த டீச்சரை எட்டிப் பார்த்தார். "ஐய, இது நம்ம கணக்கு டீச்சரு! மொதல்லயே சொல்றதுக்கின்னா?" தானே துடைப்பத்தை எடுத்துக் கடலையை ஒதுக்க ஆரம்பித்தார்.

ஸ்பெஷல் பஸ்ஸுக்குக் காத்திருந்த நாலு பேர் சேர்ந்து காரைத் தள்ளினார்கள். களத்தில் ஏற்றியதும் மேஸ்திரி அந்த அம்மாவிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கித் தரையில் ஊற்றினார். தண்ணீர் கிழக்கு மூலைக்கு ஓடியது. அந்த அம்மா கொஞ்சம் முகம் சுளித்தார். மேஸ்திரி நாலடி தள்ளி ஊற்றினார். அங்கே தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் அப்படியே வட்டமாக நின்றது. "இங்க" என்றார் மேஸ்திரி.

இஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் ஒரு சுற்று ஓடி நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவினார். கம்பியின் நுனியில் மட்டும், நகப்பூச்சு மாதிரி, துளி சிவப்பு.

"ஆயிலே இல்லியே!" என்றார் பழனி. "லீக்கா? லீக்குன்னா கியர்பாக்ஸ் போச்சுன்னுதானே அர்த்தம்?"

மேஸ்திரி கைக்குட்டையை எடுத்து அந்தத் துளியை ஒற்றினார். எனக்கு விளங்கியது. லீக் என்று சொல்லிவிட்டால் ஷெட்டுக்குக் கெட்ட பெயர் இல்லை, எனக்கும் இல்லை. வண்டி விழுப்புரம் போய்விடும். மேஸ்திரி உண்மையையும் சொல்லவில்லை, பொய்யையும் சொல்லவில்லை. அது என்னுடைய வாய் என்று விட்டுவிட்டார். எங்கேயும் முந்திக்கொள்ளும் அந்த வாய் அன்றைக்கு மட்டும் திறக்க மாட்டேன் என்றது.

"லீக் இல்லைங்க" என்றேன் கடைசியில். "நான்தான் எடுத்தேன்."

"இன்னா எடுத்த?"

"ஆயில. அதிகமா இருக்குதுன்னு நெனச்சிட்டேன். ஓடறப்ப பாக்கணும். நான் நிறுத்திப் பாத்தேன். முக்கா லிட்டரு உறிஞ்சிட்டேன்."

பழனி என்னைப் பார்த்த பார்வையில் கடலை வறுத்திருக்கலாம். "ஏய்யா, உனுக்கு அறிவு இருக்குதா? என் தங்கச்சி உசுரோட வெளையாடறியா? இருவது வருஷமா இன்னாத்தப் புடுங்கின?" பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைக்குக்கூட என்னிடம் மறுப்பு இல்லை. "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிக்கொண்டே நின்றேன். நடுவில் ஒரு இடத்தில், அவர் கேள்வி கேட்டபோதுகூட ஆமாங்க என்றுவிட்டேன்.

டீச்சர் கதவைத் திறந்து, இரும்புப் பட்டைக் காலைக் கையால் தூக்கி வெளியே வைத்து, எழுந்து நின்றார்.

"அண்ணே, நிறுத்து. நின்னா விக்கலாம்னு நாந்தான் சொன்னேன். ஆனா வண்டி தானா நிக்கல. இவரு நிறுத்திட்டாரு. தப்பு இவரு மேல. வண்டி மேல இல்ல."

"வார்த்த மாறாத, கல. எவன் நிறுத்தினாலும் ரோட்டுல நின்னது நீதானே?"

டீச்சர் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தார்.

"ஊத்திப் பாப்போம்" என்றார் மேஸ்திரி. "உள்ள கியர பிடிக்கற பிளேட்டு எரிஞ்சிருந்தா எவ்ளோ ஊத்தினாலும் போகாது. அப்ப நீங்க சொல்றபடி வித்துடலாம். எரியலன்னா, வண்டி டீச்சரோடது. சரிங்களா?"

பழனி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையசைத்தார். பழனியும் அசைத்தார்.

மேஸ்திரி கைக்குட்டையை முகர்ந்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு அதை என்னிடம் நீட்டினார். கெட்டுப்போன ஆயில் காபிக் கறை மாதிரி பழுப்பாக இருக்கும், கருகின நாற்றம் அடிக்கும். கைக்குட்டையில் இருந்தது மாதுளைச் சாறு நிறம். கொஞ்சம் இருண்டிருந்தது. நாற்றம்? எனக்குக் கருகல் வாசனை வந்தது. மேஸ்திரியைப் பார்த்தேன்.

"அது அந்தம்மா கல்ல வறுக்கறாங்க" என்றார்.

உண்மைதான். களத்தின் ஓரத்தில் அந்த அம்மா எங்களுக்காக மணலில் கடலை போட்டிருந்தார்.

இப்போது வேலை. டீச்சர் டிரைவர் சீட்டில். இஞ்சின் ஓடுகிறது, கை பிரேக் போட்டாயிற்று. வலது காலால் பிரேக்கை அழுத்தியபடி, கியர் லீவரை ஒவ்வொரு இடமாக நகர்த்தி, மூன்று நாலு நொடி நிறுத்தி, மறுபடி பார்க்கிங்குக்கு வர வேண்டும். அப்போதுதான் புது ஆயில் எல்லா வழிக்கும் போய்ச் சேரும். பானெட்டைத் திறந்துகொண்டு காருக்கு முன்னால் நின்று புனல் பிடிப்பது என் வேலை. அதாவது, இஞ்சின் ஓடும், கியரில் விழுந்த காருக்கு நேர் முன்னால் நான். நடுவில் இருப்பது டீச்சரின் ஒரு கால். நான் பக்கவாட்டில் ஒதுங்கி, ஒரு காலை ஓடுவதற்குத் தயாராக வைத்துக்கொண்டு, உடம்பை வில் மாதிரி வளைத்துப் புனலை எட்டிப் பிடித்தேன்.

டீச்சர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஏழுமலண்ணே, பயப்படாதீங்க. பிரேக்குல இருக்கறது நல்ல கால்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் கண் கலங்கியது. ஆயில் ஆவி என்று சொல்லிச் சமாளித்தேன். நேர் முன்னால் வந்து நின்றேன்.

கால் லிட்டர் ஊற்றினேன். டீச்சர் லீவரை நகர்த்தினார். மேஸ்திரி கம்பியைத் துடைத்து, விட்டு, உருவினார். இரண்டு பக்கமும் பார்த்தார். எந்தப் பக்கம் குறைவாகக் காட்டுகிறதோ அதுதான் கணக்கு. போதாது. இன்னொரு கால். மறுபடி லீவர், மறுபடி கம்பி. கம்பியில் கீழே ஒரு ஜோடிக் கோடு, மேலே ஒரு ஜோடிக் கோடு. கீழே இருப்பது ஆறின ஆயிலுக்கு, மேலே இருப்பது சூடான ஆயிலுக்கு. சூடான கோடுகளுக்கு நடுவே வந்து நிற்க வேண்டும். தாண்டினால் நுரைத்துக்கொண்டு அதுவும் கெடுதல்.

"இன்னாபா, வண்டிக்கு சர்பத்தா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமாம்மா. மோர் ஒத்துக்கலையாம்" என்றார் மேஸ்திரி, என்னைப் பார்க்காமல். அவர் நகைச்சுவை சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது தடவைக்குக் கொஞ்சம் குறைத்து, சொட்டுச் சொட்டாக விட்டேன். கம்பி இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றது. மேஸ்திரி பானெட்டை மூடினார். "டீச்சர், டிரைவ் போடுங்க. கை பிரேக்க எடுங்க. மெதுவா பிரேக்குலருந்து கால எடுங்க. ஆக்சிலேட்டர் வேணாம்."

கியர் விழும்போது வண்டியின் உடம்பில் ஒரு சின்ன அசைவு வரும். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பினால் தோள் அசையுமே, அவ்வளவுதான். அது வந்தது. கார் தானாக, ஆக்சிலேட்டர் இல்லாமல், சிமெண்டுத் தரையில் நகர்ந்தது. சக்கரத்தில் ஒரு கடலை படக் என்று உடைந்தது. டீச்சர் களத்தை ஒரு சுற்று சுற்றினார். கடலைக்குவியலைத் தொடாமல், மூலைத் திருப்பத்திலும் சறுக்காமல், இரண்டாவது சுற்றும் சுற்றினார். அந்த அம்மா கை தட்டினார்.

கார் பழனி பக்கத்தில் வந்து நின்றது. டீச்சர் இடது பக்கக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டார்.

"ஏறு."

"நான் பைக்குல வரேன்."

"பைக்க ஏழுமலண்ணன் ஓட்டினு வருவாரு. நிறுத்தினதுக்கு அவரு எதுனா செய்யணுமில்ல."

"கல, எனக்கு இதெல்லாம்..."

"பத்து வருஷம் நான் உன் பின்னாடி உக்காந்து வந்தேன். ஒரு நாள் நீ உக்காரு."

பழனி நின்றார். வேட்டியைச் சரிசெய்தார். பிறகு போய்ப் பின்கதவின் கைப்பிடியைப் பிடித்தார்.

"பின்னாடி இல்லண்ணே. முன்னாடி."

மேஸ்திரி தன் பைக்கில் முன்னால் போய்விட்டார். நான் பழனியின் பைக்கில் காரைத் தொடர்ந்தேன். எதிரில் வரிசையாக ஸ்பெஷல் பஸ்கள், ஹாரன் அடித்துக்கொண்டு. ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பழனி இறுக்கிப் பிடித்திருந்தது பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஒவ்வொரு பஸ் வரும்போதும் அந்த முழங்கை இன்னும் ஒடுங்கும். ஏற்றம் வந்தபோது நானும் பைக்கின் ஹேண்டிலை அப்படித்தான் பிடித்திருந்தேன். கார் கத்தாமல் ஏறியது. ஏறி இறங்கியது. டவுன் நெருங்கும்போது அந்தக் கை கீழே வந்தது. ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

அவர்கள் வீட்டுத் தெரு இடது பக்கம். டீச்சர் நல்ல தூரத்திலேயே இண்டிகேட்டர் போட்டுவிட்டார். அது பாட்டுக்கு மின்னிக்கொண்டிருந்தது. அது போதாது என்று பழனி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, பின்னால் வந்த ஷேர் ஆட்டோவையும் லாரியையும் என்னையும் பார்த்து, நில்லு நில்லு என்று அசைத்தார். தங்கச்சி திரும்பப் போகிறாள், வழி விடு.

பிரேக்கை மிதித்து நின்றேன்.